ஒன்பதாம் எண்ணின் பகல்

முப்பது பேர். மூன்று தடவை எண்ணியாகிவிட்டது, மூன்று தடவையும் முப்பதுதான். ஆனாலும் சந்தனமாரிக்கு நாலாவது தடவையும் எண்ணவேண்டும்போல் இருந்தது; எண்ணிக்கொண்டிருக்கும்வரை வேறு எதையும் நினைக்கவேண்டியதில்லை பாருங்கள், அதனால். இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிற ஒருத்தி, கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், வரலாறு இரண்டாமாண்டுப் பிள்ளைகள் தென்கிழக்காசியாவைப் பற்றி எழுதுவதைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள். பத்திலிருந்து ஒன்று வரை ஹால் டியூட்டி. ஹால் டிக்கெட் பார்த்தாயிற்று, முப்பது விடைத்தாளிலும் கையெழுத்துப் போட்டாயிற்று, பத்தரை மணி அடித்தும் ஆயிற்று. கைபேசி உள்ளே வரக்கூடாது. அது சீஃப் சூப்பரிண்டெண்ட் அறையில் இரும்பு பீரோவுக்குள், ஒரு பழுப்புக் கவரில், அவள் கையாலேயே எழுதிய அவள் பெயரோடு கிடக்கிறது. பதினொன்றரைக்கு அதற்குள் ஒரு மின்னஞ்சல் வந்து விழும். பின்லாந்தில் அப்போது காலை எட்டு மணி. அங்கே யாரோ ஒருவர் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்குவார். உலகத்தில் நாற்பது குழுக்களுக்கு ஒரே நொடியில் போய்ச் சேரும். முப்பத்தொன்பது குழுக்களின் தலைவர்கள் அதைத் திறந்து படிப்பார்கள். நாற்பதாவது குழுவின் தலைவி மூன்றாம் வரிசையில் யாருக்கோ அடிஷனல் ஷீட் கட்ட நூல் கொடுத்துக்கொண்டிருப்பாள். டியூட்டியை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதற்கு என்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் வாழ்த்துவார்கள், அது இன்னும் மோசம். தோற்றுப்போனால் அந்த வாழ்த்துக்கெல்லாம் ஆள்ஆளாகப் போய் விளக்கம் சொல்லவேண்டிவரும். முப்பது. நாலாவது தடவையும் முப்பதுதான்.

நினைக்கக்கூடாது என்று வைத்தால் முதலில் வந்து நிற்பது ஒன்பதாம் எண்தான். எங்கோ ஒரு விண்மீனைச் சுற்றிவருகிற, நம் பூமி மாதிரி ஒரு கோள். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் அது ஒரு புள்ளி. கண்டம் தெரியாது, கடல் தெரியாது, ஒரு பொட்டு வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொட்டு சும்மா இருப்பதில்லை. நிலம் நம் பக்கம் திரும்பினால் ஒரு துளி கூடும், கடல் திரும்பினால் ஒரு துளி குறையும். அந்த ஏற்ற இறக்கம் எத்தனை மணிக்கு ஒருமுறை அதே மாதிரி திரும்பி வருகிறதோ அதுதான் அந்தக் கோளுக்கு ஒரு நாள். போக முடியாத ஊரில் பொழுது எப்போது விடியும் என்று இங்கிருந்து சொல்வது. முதல் தடவை இதைப் படித்தபோது சந்தனமாரிக்கு உடம்பு சிலிர்த்தது, நாற்பத்தேழு வயதில், ஆசிரியர் அறையில், எதிரில் ஒருவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. பின்லாந்துக்காரர்கள் வைத்தது ஒரு போட்டி. பன்னிரண்டு கோள்களைக் கணினியில் கற்பனையாகச் செய்து, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் அறுபது நாளுக்கு எண்களாக எழுதி, நீலத்துக்கு ஒரு வரிசை, சிவப்புக்கு ஒரு வரிசை, பெயர் வைக்காமல் ஒன்று இரண்டு என்று எண் மட்டும் போட்டு அனுப்பினார்கள். எது எத்தனை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது, சொல்லுங்கள். சரியென்றால் பத்து மதிப்பெண். தெரியவில்லை என்று விட்டால் பூஜ்யம். தப்பென்றால் இருக்கிற மதிப்பெண்ணில் பத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். முதல் பத்து இடத்தில் வருகிற குழுக்களுக்கு மட்டும், நிஜமான தொலைநோக்கி பிடிக்கப்போகிற நிஜமான கோளின் வெளிச்சம், கற்பனையில்லாத வெளிச்சம், வேலை பார்க்கக் கையில் வரும். அதற்குத்தான் இரண்டு வருஷம். அதற்குத்தான் வீட்டில் குளிர்பெட்டியிலிருந்து பின்வாசல் வரைக்கும் பசை போட்டு ஒட்டிய வரைபடத் தாள், அதில் சிவப்புக்குச் சிவப்புப் பேனா, நீலத்துக்கு நீலப் பேனா. கணினியிடம் கொடுப்பதற்கு முன்னால் கையால் வரைந்து பார்த்துவிடுவது சந்தனமாரியின் பழக்கம். எல்லாரும் கேலி செய்கிற பழக்கம். மின்வாரியத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய அவள் கணவர் அந்தத் தாளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு, "யாருக்கு ஈசிஜி இது? ஆளு பொழைச்சிருமா?" என்றார். பிழைக்குமா என்பது இன்றைக்குத் தெரியும். இன்னும் முக்கால் மணி நேரம். இல்லை, அரை மணிதான் இருக்குமோ. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் அடுக்கடுக்காகத் தும்முகிறாள், ஒவ்வொரு தும்மலுக்கும் முன்வரிசைக்காரன் தோளைக் குறுக்கிக்கொள்கிறான், பாவம், தும்மலைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது என்று சந்தனமாரி விட்டுவிட்டாள்.

பதினொரு கோள்களில் பெரிய தகராறு இல்லை. புள்ளியியல் துறை சிகாமணி சாரும் அவளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல், கடைசியில் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொள்வார்கள், அப்படித்தான் வழக்கம். ஒன்பதில் மட்டும் அவருக்கு ஒன்றும் வரவில்லை, அவளுக்கு இருபத்துநான்கு மணி நேரம் வந்தது. மற்றவர்களுக்கு இது ஒரு எண். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தீட்டு. ஏனென்றால் இந்த வெளிச்சத்தைப் பிடித்ததாகப் போட்டியில் சொல்லப்பட்ட கற்பனைத் தொலைநோக்கி விண்வெளியில் இருந்தாலும், தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தன் தகவலைப் பூமிக்கு அனுப்புவதாக விதி. அனுப்பும்போது கருவி கொஞ்சம் சூடாகும். அந்தச் சூடு எல்லாக் கோளின் வெளிச்சத்திலும் இருபத்துநான்கு மணிக்கு ஒருமுறை ஒரு பொய்த் துடிப்பாகப் பதிந்துவிடும். அதனால் யாரானாலும் முதல் வேலையாக ஒரு சல்லடையைப் போட்டு இருபத்துநான்கு மணி நேரத் துடிப்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். பல் தேய்ப்பது மாதிரி, யோசிக்காமல். சிகாமணி சாரும் வெட்டினார். வெட்டின பிறகு ஒன்பதில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது. "வெட்டாமப் பாருங்க சார்" என்றாள் இவள். "வெட்டாமப் பாத்தா இருபத்துநாலு வரத்தான் செய்யும் மேடம், பன்னெண்டுலயும் வரும், அது நம்ம அழுக்கு" என்றார் அவர். "சூடுன்னா செவப்பும் நீலமும் சேந்து ஏறணும்லா? இதுல செவப்பு ஏறையில நீலம் ஏறல. சூட்டுக்கு நெறம் தெரியாது சார்." "மேகம் மேடம். மேகம் என்ன வேணும்னாலும் பண்ணும்." "அறுபது நாளும் அதே மணிக்கா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சண்டை போட விருப்பமில்லை என்று அர்த்தம். விட்டுவிடுவோம், ஒன்பதைத் தெரியவில்லை என்று போட்டால் பூஜ்யம், பாதகமில்லை, பதினொன்றும் சர்வ நிச்சயம், தப்பாகப் போட்டு இருப்பதையும் இழப்பானேன் என்று கெஞ்சினார். கெஞ்சினார்தான், அதை வேறு எப்படிச் சொல்வது, இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த மனிதர். கடைசியில், "உங்க பேருதான் முதல்ல இருக்கு, நீங்க சொன்னாச் சரி. ஆனா தோத்துட்டா எம் பொண்டாட்டிகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும், பாத்துக்கிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. அனுப்பினாள். இருபத்துநான்கு மணி, கூட்டியோ குறைத்தோ ஐந்து நிமிடம். அனுப்பின பிறகு ஓர் இணையக் கூட்டத்தில், விடையைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி, அந்தத் துடிப்பை எப்போதுமே வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்டாள். திரையில் முப்பது முகங்கள். பெரிய குழு ஒன்றின் தலைவர், வெள்ளைத் தாடி, நல்ல மனிதர்தான், அன்பாகச் சிரித்துக்கொண்டு, இருபத்துநான்கு என்று ஒரு விடை வந்தால் அது விடையில்லை அம்மா, அழுக்கு, என்றார். அன்பாகச் சொன்னதுதான் இன்னும் போகவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

பதினொன்று அடித்துவிட்டது. இன்னும் அரை மணி. நடந்தாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, ஜன்னல் பக்கம், திரும்ப. குதிகால் வலிக்கிறது, உட்கார்ந்தால் நினைப்பு வரும், நடந்தாலும் வருகிறது, அதற்கு உட்கார்ந்தே இருக்கலாம். பல்கலைக்கழக ஸ்குவாட் சோதனைக்கு வந்தால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஏன் பிடிவாதம்? அதை யோசி. யாருக்காக? கெட்டிக்காரி என்று பெயர் வாங்கவா? இல்லை. அது வேறு. அந்த நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். முனைவர் பட்ட ஆய்வில், வெளிச்சம் மாறுகிற விண்மீன்களைப் பற்றி எழுதினாளே, அதில் ஒரு விண்மீன், பதினேழு நாளுக்கு ஒருமுறை ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இது கருவிக் கோளாறாக இருக்கும், எதற்கு வம்பு, எடுத்துவிடுங்களேன், என்றார். சட்டை செய்யாமல் இருந்திருக்கலாம். வாதாடியிருக்கலாம். "சரிங்க சார்" என்றாள். மறுநாளே பக்கத்தை உருவி எடுத்துவிட்டுப் புதிதாக எண் போட்டு அட்டை கட்டிக் கொடுத்தாள். ஆறு வருஷம் கழித்து யாரோ இரண்டு பேர், எந்த நாடு என்பதைக்கூட அவள் மறக்கப் பார்க்கிறாள், அதே விண்மீன், அதே பதினேழு நாள், அதே துள்ளல், ஒரு பெரிய இதழில். அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசல் சோதனை நடத்திக்கொண்டே, ஒன்று இரண்டு என்று ஊசலை எண்ணிக்கொண்டே, தொண்டைக்குள் அழுதாள். யாருக்கும் தெரியாது. கணவருக்குத் தெரியாது. தன் கண்ணால் கண்டதை அடுத்தவர் சொல்லுக்காக வெட்டக்கூடாது என்று அன்றைக்குச் சபதமெல்லாம் எடுக்கவில்லை, சபதம் எடுக்கிற ஆளில்லை அவள். ஆனால் ஒன்பதாம் எண்ணில் சல்லடையைப் போடப் போனபோது கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். கை நின்றதற்குக் காரணம் அறிவா, பழைய வலியா? வலியென்றால் விஷயம் கெட்டது. வலிக்குக் கணக்குத் தெரியாது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தது தப்பாகப் போனது என்பதற்காக இந்தத் தடவை விட்டுக்கொடுக்காதது சரியாகிவிடுமா என்ன? சிகாமணி சாரின் இரண்டு வருஷத்தையும் சேர்த்துத் தன் பழைய காயத்துக்கு மருந்தாகப் பூசிவிட்டாளோ? நாலாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அடிஷனல் ஷீட். எண்ணைக் குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பதினொன்றரை மணி அடித்தது. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு அடி. அடிக்கிறவருக்கு அது ஒரு பழக்கம். அவ்வளவுதான், வந்துவிட்டது, பீரோவுக்குள் பழுப்புக் கவருக்குள் விழுந்துவிட்டது. பின்லாந்தில் விடிந்திருக்குமோ இல்லையோ, இந்த மாதத்தில் அங்கே எட்டரைக்கு மேல்தான் வெளிச்சமே வருமாம். ஜப்பானில் மதியம் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கொரியாவிலும். நமக்கு இனிமேல்தான் உச்சிவெயில். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம், ஏனென்றால் இந்த நாற்பது குழுக்களுக்கும் பொதுவாக ஒரு கூட்ட நேரம் கண்டுபிடிக்க முடியாமல் பின்லாந்துக்காரர் தவித்தபோது, யாருக்கு எப்போது நண்பகல் என்று ஒரு பட்டியலை வரிசையாக எழுதி அனுப்பியவள் அவள்தான். வாத்தியார் வேலை, கால அட்டவணை போட்டே பழகிய கை. முதலில் ஜப்பான், கொரியா, பிறகு நாம், பிறகு அரபு நாடுகள், பிறகு ஐரோப்பா மொத்தமும், தென்னாப்பிரிக்காவில் ஒரு குழு, அதோடு நெரிசல் முடிந்தது. பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் நண்பகல் இல்லை, அட்லாண்டிக் கடல். அப்புறம் சிலி, அமெரிக்கா, ஒரு நாலைந்து மணி நேரம். அப்புறம் நீளமாக வெறும் கட்டம், ஏழு மணி நேரம் யாருமே இல்லை, நடுவில் ஹவாய்த் தீவில் ஒரே ஒரு மனிதர், அவருக்கு எந்தக் கூட்டமும் ஒத்துவந்ததில்லை. பெரிய கூட்டம், சின்ன இடைவெளி, சின்னக் கூட்டம், பெரிய இடைவெளி. ஜன்னலோரம் நின்றுவிட்டாள். பெரிய மேடு, சின்னப் பள்ளம், சின்ன மேடு, நீண்ட பள்ளம். சிவப்புப் பேனா. குளிர்பெட்டியிலிருந்து பின்வாசல் வரை அறுபது தடவை தன் கையால் போட்ட கோடு. மெல்ல மெல்ல ஏறும், பத்து மணி நேரம் ஏறும், கடைசியில் கூராக ஒரு உச்சி, சட்டென்று இறங்கும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சின்ன மேடு ஏறும், பிறகு ஏழு மணி நேரம் தரையோடு தரையாகக் கிடக்கும், அப்போது நீலம்தான் ராஜா. ஆள் இருக்கிற இடம் நிலம், ஆளில்லாத இடம் கடல். ஏறுவது ஆசியா. கூரான உச்சி ஆப்பிரிக்காவின் பாலைவனம், அதைவிடச் சிவப்பாக வேறு எது திருப்பியனுப்பும் வெயிலை? இறக்கம் அட்லாண்டிக். சின்ன மேடு அமெரிக்கா. தரையோடு கிடப்பது பசிபிக். அடப்பாவிகளா. அடப்பாவிகளா, கற்பனைக் கோள் என்று சொல்லி நம்மையே எடுத்து நடுவில் வைத்துவிட்டீர்களே.

யாராவது நிமிர்ந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மேடம் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். இருபத்துநான்கு மணி நேரம் வராமல் வேறு என்ன வரும்? பூமிக்கு இருபத்துநான்கு மணி நேரம் வரவில்லையென்றால்தானே ஆச்சரியம்! அது அழுக்கு என்று உலகமே சொல்லிக்கொடுத்துவைத்திருக்கிறது. தன் சொந்த நாளைத் தன் கண்முன் கொண்டுவந்து வைத்தாலும் இந்தத் தொழில்காரர்கள் முதல் வேலையாக அதைத்தான் வெட்டுவார்கள். அதை நன்றாகத் தெரிந்துகொண்டு வைத்த கண்ணி. அவள் வெட்டவில்லை. பெருமையாக இருந்தது. பட்டம் வாங்கியபோது இல்லாத பெருமை, ஏனென்றால் அதில் ஒரு பக்கம் குறைந்திருந்தது; மூத்த மகளுக்கு வேலை கிடைத்தபோது வந்த பெருமையில்கூடப் பாதிதான் தன்னுடையது, பாதி மகளுடையது. இது முழுசும் தன்னுடையது. நெஞ்சுக்குள் இடம் போதாமல் தோளையெல்லாம் நிமிர்த்தியது. அப்புறம், அந்த நினைப்புக்குப் பின்னாலேயே, நிழல் மாதிரி அடுத்தது வந்தது. நிஜமாகவா? அல்லது ஜெயிக்கவேண்டும் என்கிற ஆசையில், ஒரு கூட்டப் பட்டியலையும் ஒரு கோட்டையும் ஒட்டவைத்துப் பார்த்துத் தானே தனக்குக் கதை சொல்லிக்கொள்கிறாளா? எந்தக் கோட்டிலும் மேடு பள்ளம் இருக்கும். மேகத்தில் யானை தெரியும். இரண்டு மேடு இரண்டு பள்ளம் எந்தக் கற்பனைக் கோளிலும் வரலாம். கணினிக்கு என்ன, எந்தக் கண்டத்தை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடும். அந்த வெள்ளைத் தாடிக்காரர் இப்போது காலைச் சாப்பாட்டு மேசையில் மின்னஞ்சலைத் திறந்து, ஒன்பதாம் எண், பதினான்கு மணி பத்து நிமிடம், என்று படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஏழு மணி நேரப் பள்ளம்? அந்த நீளமும் சரியாக வருமா கற்பனையில்? கூரான உச்சி சரியாக இறக்கத்துக்கு முன்னால் வருமா? ஒன்று தற்செயலாக வரும், இரண்டு வரும், நாலும் வரிசை மாறாமல் வருமா? வராது. வரலாம். வராது. கேன்டீனில் வடை போடுகிற எண்ணெய் வாசம் ஜன்னல் வழியாக வந்தது, பசி எடுத்தது, காலையில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. கைபேசியை நினைத்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம். அவளுக்கு அது இனிமேல் அவ்வளவு அவசரமாகத் தோன்றவில்லை. அதில் வருவது பிறர் சொல்வது. தனக்குத் தெரிந்தது இங்கே நின்றுகொண்டிருக்கிறது. இப்படி நினைத்த மறு நிமிடமே கைபேசிக்காக உயிர் துடித்தது. மனித மனம் அந்த அழகில்தான் இருக்கிறது.

வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. சிகாமணி சார். இன்றைக்கு அவர் ரிலீவர். ஒவ்வொரு ஹாலாகப் போய் ஹால் டியூட்டிக்காரர்களைப் பத்து நிமிடம் டீ குடிக்க அனுப்பிவிட்டு அதுவரைக்கும் காவல் நிற்கவேண்டும். ரிலீவரும் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும்தான். ஆனால் அவருக்குப் பதினொன்றே முக்காலுக்குத்தான் வேலை தொடங்குகிறது. மின்னஞ்சல் அவருக்கும் வந்திருக்கும், பார்த்திருக்கிறார். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். கழற்றியிருக்கிறார். வாசல்வரைக்கும் நடந்தாள், நடக்கிற சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது. "டீக்குப் போயிட்டு வாங்க மேடம்" என்றார் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வந்துட்டு" என்றார். "எப்படி சார்?" "நாலு தப்பு. ஆறு தப்பு. பதினொண்ணு தப்பு." மூன்றும் இருவர் விடையும் கொஞ்சம் விலகியபோது அவருடையதை வைத்துக்கொண்டவை. மூன்றும் சர்வ நிச்சயம் என்று அவர் மேசையைத் தட்டியவை. "மூணும் நாந்தான் மேடம்" என்று தன் வாயாலேயே சொன்னார், பாவம், அந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும். கண் ஈரமாக இருந்தது, அதனால்தான் கண்ணாடி கையில். "ஒம்பது..." என்று தொடங்கினார். "ஒம்பது நம்ம பூமி சார்" என்றாள் சந்தனமாரி. "உங்களுக்கு யாரு சொன்னா? உங்க போன் பீரோவுலல்லா கெடக்கு!" "யாரும் சொல்லல. இப்பத்தான், அந்த ஜன்னல்கிட்ட நின்னு... நெசந்தானா சார்? பூமிதானா?" "பூமியேதான். பன்னெண்டும் கற்பனைன்னு சொல்லிக்கிட்டு ஒண்ண மட்டும் நெசமா வச்சிருக்கானுவ. பூமிய தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்குல்லா ஒரு செயற்கைக்கோள், அது எடுத்த படத்தையெல்லாம் ஒரே புள்ளியாச் சுருக்கி ஒம்பதுன்னு நம்பர் போட்டுட்டானுவ." "எத்தன பேரு சார் சரியாச் சொன்னது?" "நாப்பதுல ரெண்டு. கொரியாக்காரங்க ஒண்ணு, நாம ஒண்ணு. பெரிய பெரிய ஆளுக எல்லாம் வெட்டிட்டாங்க." வெட்டிட்டாங்க என்பதை அவர் கையாலும் செய்து காட்டினார். "எத்தனாவது நாம?" "பத்தாவது. ஒம்பதாம் நம்பர் இல்லேன்னா பதினாலாவது." பத்து. உள்ளே வந்துவிட்டார்கள். நிஜக் கோள், நிஜ வெளிச்சம், இந்த ஊருக்கு, குளிர்பெட்டியிலிருந்து பின்வாசல் வரைக்கும். "மேடம், நான் அன்னைக்கு விட்டுருவோம்னு சொன்னேன்லா" என்று ஆரம்பித்தார். "சொன்னீங்க. ஆனா அனுப்ப விட்டீங்கல்லா சார், அத யாரு செய்வா" என்றாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தின்போது எதிரில் இவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நினைத்தாள். "டீக்குப் போங்க மேடம், போயி போன எடுத்துப் பாருங்க, சீஃப்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். வேண்டாம் என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது இந்த ஹாலை விட்டு வெளியே போகத் தோன்றவில்லை. முப்பது பேரும் தன்னுடைய முப்பது பேர் என்று இருந்தது. "நீங்க அடுத்த ஹாலுக்குப் போங்க, அங்க மல்லிகா மேடம் டீக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார், ஐம்பத்திரண்டு வயது மனிதர்.

உள்ளே திரும்பினாள். மின்விசிறி, பேனாக்கள் ஓடுகிற சத்தம், யாரோ ஒரு பக்கத்தைத் திருப்புகிற சத்தம். கத்தவேண்டும்போல் இருந்தது, கத்தக்கூடாத ஒரே இடத்தில் நிற்கிறாள். யாரிடமாவது சொல்லவேண்டும். இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் புரியுமா? எல்லாரும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறோம் பிள்ளைகளா, நாம் ஒரு புள்ளி, அந்தப் புள்ளி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று, உள்ளே இருக்கிறோம் என்பதே தெரியாமல், ஒரு புள்ளியாக மட்டும் பார்த்து, கோவில்பட்டியிலிருந்து ஒருத்தி சரியாகச் சொல்லிவிட்டாள். தெரிந்தவர்கள் எல்லாரும் அழுக்கு என்றார்கள். அவள் நிலம் என்றாள், கடல் என்றாள். ஒருத்தர்கூட நம்பவில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தை, குழந்தைக்கும் தெரிந்த இருபத்துநான்கு மணி நேரத்தை, அவள் வாயிலிருந்து வந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. ஐந்தாம் வரிசையில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையை உதறினாள். நிமிர்ந்தவள் சந்தனமாரியைப் பார்த்து, முகத்தில் பதற்றத்தோடு, "மேடம், டைம் என்ன மேடம்?" என்றாள். சந்தனமாரி மணிக்கட்டைத் திருப்பினாள். வழக்கமாக யார் கேட்டாலும் பக்கத்தில் போய் மெல்லச் சொல்வதுதான். இன்றைக்கு நின்ற இடத்திலேயே, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி, தானே அளந்து எடுத்துக் கொடுக்கிற குரலில், "பதினொண்ணு அம்பத்திரெண்டு" என்றாள். முப்பது தலைகள் ஒரு நொடி நிமிர்ந்தன. ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, திருப்பிக் கேட்கவில்லை. முப்பது பேரும் அதை அப்படியே நம்பி, குனிந்து, எழுதத் தொடங்கினார்கள்.